மொஸ்டாவா, நஷ்ஷாரா?

மால்டா நாடு முழுவதையும் சேர்த்தால் 316 சதுர கிலோமீட்டர். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. பெரிய தீவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 27 கிலோமீட்டர்தான். இவ்வளவு சின்ன நாட்டில் எந்த ஊரில் குடியிருந்தால் என்ன என்று, இங்கே வேலைக்கு வரத் தயாராகும் செவிலியர்கள் என்னிடம் கேட்பதுண்டு. ஒரு கோடையும் ஒரு குளிர்காலமும் இங்கே கழித்தவர்கள் அப்படிக் கேட்பதில்லை. ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு ஊர்களில் ஒன்றில் கார் இல்லாமலே காலம் தள்ளிவிடலாம், மற்றதில் மாதத்துக்கு மாதம் டாக்சிச் செலவு கையைக் கடிக்கும். ஒரு தெருவில் பகலில் நிம்மதியாகத் தூங்கலாம், அடுத்த தெருவில் வாய் பேசினால் காது கேட்காது.

நாங்கள் மொஸ்டா, நஷ்ஷார் என்ற இரண்டு ஊர்களுக்கு நடுவே வெகுநாள் ஊசலாடினோம். இரண்டும் தீவின் நடுப்பகுதியில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பவை. ஓர் ஊரின் தேவாலயத்திலிருந்து மற்ற ஊரின் தேவாலயத்துக்கு அரை மணி நேரத்துக்குள் நடந்தே போய்விடலாம். ஸ்லீமா, செயின்ட் ஜூலியன்ஸ் போலக் கடற்கரையும் ஹோட்டல்களும் நிறைந்த ஊர்கள் அல்ல. மால்டாக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் குடும்பத்தோடு வாழும் ஊர்கள். 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மொஸ்டாவில் 23 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர், நஷ்ஷாரில் ஏறத்தாழ 17 ஆயிரம் பேர்.

எங்கள் நிலைமையைச் சொன்னால்தான் இந்தத் தேர்வு புரியும். நான் மேட்டர் டேய் மருத்துவமனையில் செவிலியர். ஷிப்டு பன்னிரண்டு மணி நேரம், காலை ஏழிலிருந்து மாலை ஏழு வரை அல்லது மாலை ஏழிலிருந்து காலை ஏழு வரை. கணவர் செயின்ட் ஜூலியன்ஸ் பகுதியில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறார். மகளுக்கு ஏழு வயது. கார் இல்லை, வாங்கும் எண்ணமும் இல்லை. தனியாக வந்த புதிதில் மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே, முசிதாவில், மற்ற செவிலியர்களோடு ஒரு வீட்டைப் பகிர்ந்துகொண்டேன். வேலைக்கு நடந்தே போகலாம், அது ஒன்றுதான் அங்கே வசதி. குடும்பம் வந்து சேர்ந்த பிறகு அந்த நெரிசலில் குழந்தையை வளர்க்க எனக்கு மனம் இல்லை. உடன் வேலை செய்யும் அக்காமார்களிடம் விசாரித்தபோது பாதிப் பேர் மொஸ்டா என்றார்கள், பாதிப் பேர் நஷ்ஷார் என்றார்கள். இரண்டு ஊரிலிருந்தும் மருத்துவமனைக்கு பஸ் இருக்கிறது. இரண்டு ஊரிலும் அரசுத் தொடக்கப்பள்ளி இருக்கிறது. காகிதத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. அதனால்தான் முடிவெடுக்க அவ்வளவு திணறினோம்.

முதலில் நஷ்ஷாரைச் சொல்கிறேன், ஏனென்றால் முதலில் மனதைப் பறித்தது அதுதான். ஊர் மேட்டில் இருக்கிறது. ஜூலை மாதத்தில் மற்ற இடங்களில் காற்று அசையாமல் நிற்கும்போது இங்கே சாயங்காலத்தில் காற்று வரும். நடு ஊரில் விக்டரி சதுக்கம், தேவாலயம், எதிரே பலாத்சோ பரிசியோ என்ற மாளிகை. 18ஆம் நூற்றாண்டில், அப்போது மால்டாவை ஆண்ட புனித ஜான் வீரர் சபையின் தலைவரான கிராண்ட் மாஸ்டர் மனோயல் தெ வில்யேனா கட்டிய வேட்டை மாளிகை அது, பிறகு சிக்லூனா குடும்பத்தின் கைக்கு வந்து இன்றைய பகட்டான வடிவத்தைப் பெற்றது. அதற்குப் பின்னால் போகும் சந்துகளில் நடந்தால் இரண்டு கைகளையும் விரித்துச் சுவர்களைத் தொட்டுவிடலாம் போலிருக்கும். பச்சையும் சிவப்புமாக மரப் பால்கனிகள், வாசலில் பித்தளைக் கைப்பிடிகள், சுவரில் மாதாவின் சிற்பம். மத்தியானம் ஒரு மணிக்கு அந்தச் சந்துகளில் நடந்தபோது ஒரு வீட்டுக்குள் தட்டுகள் கழுவும் சத்தம் வெளியே வரைக்கும் தெளிவாகக் கேட்டது. இரவு வேலை பார்க்கும் எனக்கு அந்த ஒரு சத்தம் போதும். இங்கேதான் வரவேண்டும் என்று அப்போதே தோன்றிவிட்டது.

ஊரின் வட விளிம்பில் சான் பவுல் தத்தார்ஜா. புனித பவுல் அங்கே நின்று போதித்தார் என்பது ஊர் மரபு, அந்த நினைவாக ஒரு சிற்றாலயம் இருக்கிறது. அங்கிருந்து நிலம் சட்டென்று கீழே இறங்குகிறது. கீழே சலீனாவின் உப்பளங்கள், அதற்கப்பால் கடல். அந்தச் சரிவின் ஓரமாகவே விக்டோரியா லைன்ஸ் என்ற மதில் போகிறது. தீவை வடக்கும் தெற்குமாகப் பிரிக்கும் இயற்கையான பிளவுச் சரிவின் மேல் ஆங்கிலேயர்கள் கட்டியது, ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளம். விக்டோரியா அரசியின் வைர விழா ஆண்டான 1897இல் அந்தப் பெயர் சூட்டப்பட்டது. விடுமுறை நாளில் குழந்தையோடு நடக்க அதைவிட நல்ல இடம் இந்தத் தீவில் எனக்குத் தெரியாது. நாடு முழுவதன் குப்பையும் போய்ச் சேரும் மஹ்தாப் கிடங்கும் நஷ்ஷார் உள்ளாட்சி எல்லைக்குள்தான் இருக்கிறது. ஊரின் நடுப்பகுதியிலிருந்து அது தள்ளியிருக்கிறது, ஆனாலும் வடபுற விளிம்பில் வீடு பார்ப்பவர்கள் காற்று அந்தத் திசையிலிருந்து வீசும் நாளில் ஒரு தடவை போய் நின்று பார்ப்பது நல்லது.

மொஸ்டா அப்படி முதல் பார்வையில் மயக்கும் ஊர் அல்ல. நடுவில் பெரிய வட்டத் தேவாலயம், அதைச் சுற்றி எப்போதும் வண்டிகள். வலேட்டாவிலிருந்து பிர்கிர்காரா வழியாக மெல்லீஹாவுக்கும் சிர்கேவ்வா படகுத் துறைக்கும் போகும் 41, 42 பஸ்கள் இந்த ஊருக்குள் புகுந்துதான் போகின்றன. கான்ஸ்டிட்யூஷன் தெருவில் நடந்தால் துணிக்கடை, மருந்துக்கடை, வங்கி, ரொட்டிக்கடை, செருப்பு தைப்பவர், ஆணியும் பெயின்டும் விற்கும் கடை என்று வரிசையாக வருகின்றன. நடைபாதை குறுகல். குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு ஒருவர்பின் ஒருவராகத்தான் போகவேண்டும். முதல் நாள் அந்தத் தெருவில் நடந்துவிட்டு என் கணவர், "இதற்கு முசிதாவிலேயே இருந்துவிடலாமே" என்றார். எனக்கும் அப்போது மறுப்புச் சொல்லத் தோன்றவில்லை.

அந்தத் தேவாலயத்தின் கதையைத் தெரிந்துகொண்ட பிறகு இந்த ஊர்மேல் எனக்கு ஒரு மரியாதை வந்தது. 1833இல் கட்டத் தொடங்கியிருக்கிறார்கள். வடிவமைத்தவர் ஜோர்ஜோ குரோன்யெ தெ வாசே. பழைய தேவாலயத்தை இடிக்காமல் அதைச் சுற்றியே புதியதைக் கட்டினார்கள், அதனால் கட்டுமானம் நடந்த பல பத்தாண்டுகளிலும் உள்ளே வழிபாடு நிற்கவில்லை. ஊர்க்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து கூலியில்லாமல் கல் சுமந்திருக்கிறார்கள். 1942 ஏப்ரல் 9ஆம் தேதி, உள்ளே மக்கள் மாலை வழிபாட்டுக்குக் கூடியிருந்த நேரத்தில், ஜெர்மன் விமானத்தின் குண்டு ஒன்று குவிமாடத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே விழுந்தது. வெடிக்கவில்லை, ஒருவரும் சாகவில்லை. குண்டு துளைத்த இடத்தைக் குவிமாடத்தின் உட்புறத்தில் இன்றும் அடையாளம் காணலாம். கோட்டாறு சவேரியார் திருவிழாவைப் பார்த்து வளர்ந்த எனக்கு, ஓர் ஊர் தன் கோவிலோடு இப்படிப் பின்னிப்பிணைந்திருப்பது அந்நியமாகத் தோன்றவில்லை.

ஆனால் வரலாற்றைப் பார்த்து யாரும் வீடு எடுப்பதில்லை. எங்கள் கேள்வி தூக்கம்.

இரவு ஷிப்டு முடிந்து வீட்டுக்கு வந்து, குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பி, திரையை இழுத்துவிட்டுப் படுக்கும்போது மணி எட்டரை ஆகிவிடும். அந்த நேரத்தில்தான் மால்டா முழுவதும் வேலைக்குப் புறப்படுகிறது. எரிவாயு உருளை விற்கும் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு வரும், ரொட்டி வேன் வரும், காய்கறி வண்டி வரும். இதெல்லாம் பழகிவிடும். பழகாதது ஒன்றுதான். கட்டுமானம். இந்தத் தீவில் எந்த மொட்டைமாடியில் ஏறி நின்று பார்த்தாலும் கிரேன்கள் தெரியும். சுண்ணாம்புக்கல் பாறையைக் குடைந்து அடித்தளம் போடுகிறார்கள். பாறையை உடைக்கும் இயந்திரம் நாலு வீடு தள்ளி இருந்தாலும் அதன் அதிர்வு கட்டில் வழியாக முதுகுக்கு ஏறும். கடற்கரைச் சுற்றுலாப் பகுதிகளில் ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் இறுதிவரை இடிப்பதற்கும் தோண்டுவதற்கும் தடை உண்டு. மொஸ்டா, நஷ்ஷார் போன்ற குடியிருப்பு ஊர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. விடுமுறைக்கு வந்தவருக்கு அமைதி வேண்டும், ஆண்டு முழுவதும் அங்கேயே கிடப்பவருக்கு வேண்டாமா என்று எனக்குக் கோபம் வருவதுண்டு.

நஷ்ஷாரில் எங்களுக்குப் பிடித்துப்போன வீடு பழைய சந்துகளில் இல்லை. அங்கே எங்கள் சம்பளத்துக்கு எதுவும் அகப்படவில்லை. நாங்கள் பார்த்தவரையில் அதே அளவு வீட்டுக்கு நஷ்ஷாரில் வாடகை கூடுதல்தான். ஊரின் புதிய பகுதியில், அகலமான அமைதியான தெருவில், இரண்டாம் மாடி. மூன்று படுக்கையறை, நல்ல வெளிச்சம், லிஃப்ட், மகளுக்குத் தனி அறை. படுக்கையறைச் சன்னலைத் திறந்தால் பக்கத்தில் ஒரு பழைய ஒற்றைமாடி வீடு, அதன் தோட்டத்தில் எலுமிச்சையும் கரோப் மரமும். தரகர் அந்தத் தோட்டத்தைக் காட்டிப் பெருமையாகப் பேசினார். எனக்கும் நெஞ்சு நிறைந்தது.

உடன் வேலை செய்யும் தூத்துக்குடி அக்கா ஒருவர்தான் கேட்டார்: "அந்தத் தோட்டத்து வீடு யாருடையது, அதன்மேல் மனு ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தாயா?"

இங்கே வீடு எடுக்கும் யாரும் இதைச் செய்யாமல் கையெழுத்துப் போடக்கூடாது. கட்டடம் கட்டவும் இடிக்கவும் அனுமதி தரும் திட்ட அனுமதி ஆணையத்தின் வரைபடம் இணையத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. ஒரு மனையைத் தொட்டால் அதன்மேல் யார், எப்போது, எதற்கு மனுப் போட்டார்கள், எந்த நிலையில் இருக்கிறது என்பது வரைபடங்களோடு வரும். மனு நிலுவையில் இருக்கும் இடத்தில் வாசலில் ஓர் அறிவிப்பும் ஒட்டியிருப்பார்கள். எங்கள் எலுமிச்சைத் தோட்டத்தின்மேல் மனு இருந்தது. வீட்டை இடித்துவிட்டு, அடியில் கராஜ்கள், மேலே அடுக்குமாடி. தெருவில் எங்கும் அவ்வளவு உயரமான கட்டடம் இல்லையே என்று நினைக்கவேண்டாம். 2015இல் வந்த வடிவமைப்பு வழிகாட்டி மாடிக் கணக்கை மீட்டர் கணக்காக மாற்றியது. மூன்று மாடியும் பாதி நிலத்தடித் தளமும் அனுமதிக்கப்பட்ட தெருக்களில் 17.5 மீட்டர் வரை எழுப்பலாம் என்றானது, அந்த உயரத்துக்குள் ஐந்து தளங்களை அடக்கிவிடுகிறார்கள். அதனால் மனு இல்லாத பழைய ஒற்றைமாடி வீடுகூட, அந்த வரம்பு உள்ள தெருவில், நாளைக்கு ஐந்து தளமாகலாம். 2020 மார்ச் மாதத்தில் ஹம்ருன் ஊரில் பக்கத்து மனையைத் தோண்டியபோது வீடு இடிந்து விழுந்து, உள்ளே இருந்த மிரியம் பாசே என்ற பெண் இறந்துபோனார். அதன் பிறகு விதிகளைக் கடுமையாக்கினார்கள். ஆனாலும் அந்தச் செய்தியைப் படித்தவர்களுக்குப் பக்கத்து மனையைப் பார்க்கும் பார்வை மாறிவிட்டது, எனக்கும்தான்.

அந்த மனுவைப் பார்த்த நாளிலிருந்து ஊரைத் தேர்ந்தெடுக்கும் எங்கள் கணக்கே திரும்பிவிட்டது. நஷ்ஷாரை நாங்கள் விரும்பியது அதன் அமைதிக்காக. அந்த அமைதி ஊரின் சொத்து அல்ல, பக்கத்து மனைக்காரரின் முடிவு. அவர் விற்கும்வரைதான் அது இருக்கும். மொஸ்டாவில் நாங்கள் குறைத்து மதிப்பிட்டவை அப்படி இல்லை. சுகாதார மையமும், பஸ் வழித்தடங்களும், கடைத்தெருவும், நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் தா' அலி பூங்காவும் நாளைக்கு யாரோ ஒருவர் மனுப் போட்டு இல்லாமல் ஆக்கிவிட முடியாதவை. அப்படியானால் ஊரை நிலையான காரியங்களைப் பார்த்து எடுக்கவேண்டும், அமைதியைத் தெருவில் தேடவேண்டும். மொஸ்டாவில் பகலில் தூங்கக்கூடிய ஒரு தெரு கிடைக்குமா என்று தேட ஆரம்பித்தோம்.

கிடைத்தது. தேவாலயத்துக்கு நாலைந்து சந்து தள்ளி, ஊரின் பழைய மையத்துக்குள். இந்தப் பழைய மையங்களை நகரப் பாதுகாப்புப் பகுதி என்று வகைப்படுத்தியிருக்கிறார்கள். அங்கே பழைய முகப்பை இடிப்பதும் மாடிமேல் மாடி ஏற்றுவதும் எளிதில் நடக்காது. வேலையே நடக்காது என்று சொல்லவில்லை, பழுது பார்ப்பார்கள், உள்ளே மாற்றுவார்கள். ஆனால் ஐந்து தளம் எழும் பயம் குறைவு. கார் நுழைய முடியாத சந்து என்பதால் கார் வைத்திருப்பவர்களுக்கு அந்த வீடு வேண்டாம், வாடகை எங்கள் கைக்கு எட்டியதற்கு அதுவும் ஒரு காரணம். கார் இல்லாததன் லாபத்தை வாழ்க்கையில் முதல்தடவை அனுபவித்தோம்.

வீட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். தேன் நிறத்துச் சுண்ணாம்புக்கல் சுவர், இரண்டடிக்குமேல் தடிமன். கீழே இரண்டு அறை, மேலே இரண்டு அறை, நடுவில் சின்ன முற்றம், முற்றத்தின் மூலையில் இரும்பு மூடி போட்ட கிணறு. மழைநீர் கூரையிலிருந்து அந்தக் கிணற்றுக்குத்தான் இறங்குகிறது. தரையில் பூப்போட்ட சிமென்ட் ஓடு, ஒவ்வோர் அறைக்கும் ஒரு கோலம். மேல் படுக்கையறை தெருவைப் பார்க்காமல் முற்றத்தைப் பார்க்கிறது. கதவைச் சாத்தினால் தேவாலய மணிகூட எங்கோ தூரத்தில் அடிப்பதுபோலத்தான் கேட்கும். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து கொஞ்சநேரம் கேட்டுப் பார்த்தேன். வீட்டுக்கார அம்மாள் வயதானவர், நான் என்ன செய்கிறேன் என்று கேட்டார். இரவு வேலை என்று சொன்னதும், "என் கணவரும் கப்பல் பட்டறையில் இரவு வேலை பார்த்தவர்தான், இதே அறையில்தான் பகலில் தூங்குவார்" என்றார்.

இந்த மாதிரிப் பழைய வீட்டில் எதிரி ஈரம். மால்டாவின் குளிர்காலத்தைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை. வெப்பநிலை பத்துக்குக் கீழே அதிகம் போகாது, ஊட்டிக்காரர்கள் சிரிப்பார்கள். ஆனால் வீடுகளில் வெப்பமூட்டும் அமைப்பு கிடையாது, கல் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சுகிறது, ஜனவரியில் வெளியே இருப்பதைவிட உள்ளே குளிர் அதிகம். அலமாரியில் வைத்த தோல் செருப்பு பூசணம் பூக்கும். வீடு பார்க்கப் போகும்போது முழங்கால் உயரத்தில் சுவரைக் கையால் தடவிப் பார்க்கவேண்டும். வெள்ளையாக உப்புத் தூள் விரலில் ஒட்டினால் ஈரம் ஏறுகிறது என்று பொருள். சுவரின் கீழ்ப்பாதிக்கு மட்டும் புதிதாக வண்ணம் அடித்திருந்தால் இன்னும் கவனமாகப் பார்க்கவேண்டும். அலமாரியை ஒரு சாண் நகர்த்திப் பின்னால் மோந்து பார்க்கலாம், நல்ல வீட்டுக்காரர் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார். எங்கள் வீட்டில் கீழ் அறை ஒன்றில் ஈரம் இருந்தது. அந்த அறையில் யாரும் தூங்குவதில்லை என்று முடிவு செய்தோம், ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்று வீட்டுக்கார அம்மாள் செலவில் வந்தது. கோடையில் அதே கல் சுவர்தான் எங்களைக் காப்பாற்றுகிறது.

திருவிழாவைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். மொஸ்டாவின் விழா ஆகஸ்ட் 15, மாதா விண்ணேற்பு. நஷ்ஷாரின் விழா செப்டம்பர் 8, மாதா பிறந்தநாள். இரண்டிலும் ஒரு வாரத்துக்குக் கொடி, விளக்கு, வாத்தியக் குழுக்கள், காலை எட்டு மணிக்கே வானவெடி. ஆக இந்த விஷயத்தில் ஓர் ஊருக்கு மேல் இன்னோர் ஊரைச் சொல்ல ஒன்றுமில்லை. அந்த வாரத்தில் மட்டும் இரவு ஷிப்டு வராமல் பார்த்துக்கொள்கிறேன். மகள் தெருவில் காகிதத் துண்டுகள் பறக்கப் பறக்க ஊர்வலத்தின் பின்னாலேயே ஓடுகிறாள்.

மகளைப் பற்றிய கவலைதான் இன்னொரு பக்கம் இருந்தது. அரசுத் தொடக்கப்பள்ளியில் நாம் குடியிருக்கும் ஊரைப் பொறுத்து இடம் தருகிறார்கள். இங்கே ஒரு வட்டாரத்து அரசுப் பள்ளிகளை ஒன்றாகச் சேர்த்துக் கல்லூரி என்கிறார்கள். மொஸ்டாவும் நஷ்ஷாரும் மரியா ரெஜீனா என்ற ஒரே கல்லூரியில்தான் வருகின்றன, அதனால் பாடத்திலும் மேல்வகுப்புப் பாதையிலும் வித்தியாசம் பெரிதாக இல்லை. ஸ்லீமா பக்கத்துப் பிள்ளைகள் ஆங்கிலத்திலேயே விளையாடுவார்கள். மொஸ்டாவில் சதுக்கத்திலும் பள்ளி வாசலிலும் கேட்பது பெரும்பாலும் மால்ட்டீஸ். முதல் சில மாதங்கள் மகள் ஒதுங்கி நின்றாள். இப்போது ரொட்டி வேன்காரரிடம் எங்களுக்காக அவள்தான் பேசுகிறாள். இந்த நாட்டில் மக்கள்தொகையில் ஐந்தில் ஒருவருக்கு மேல் வெளிநாட்டவர், இத்தாலியருக்கும் பிரிட்டனியருக்கும் அடுத்தபடியாக 2021 கணக்கெடுப்பில் இந்தியர்களே அதிகம். ஆனால் நமக்குள்ளேயே பேசிப் பழகி முடித்துக்கொள்வது மிகவும் எளிது. குழந்தைக்கு ஊர் வேண்டுமென்றால் ஊர்க்காரர்கள் வாழும் இடத்தில்தான் இருக்கவேண்டும்.

மொஸ்டாவின் சுகாதார மையம் இரவு பகல் என்று எப்போதும் திறந்திருக்கிறது. குழந்தை வைத்திருப்பவர்களுக்கு அதன் அருமை சொல்லித் தெரியவேண்டியதில்லை. நான் இரவு ஷிப்டில் இருந்த ஓர் இரவில் மகளுக்குக் காது வலி. கணவர் அவளைத் தூக்கிக்கொண்டு நடந்தே போய், மருத்துவரிடம் காட்டி, திரும்பி வந்து, அவள் தூங்கிய பிறகு எனக்குச் செய்தி அனுப்பினார். நஷ்ஷாரில் இருந்திருந்தால் அந்த நேரத்தில் டாக்சி தேடியிருக்கவேண்டும். பெரிய வித்தியாசமா என்றால், அந்த இரவில் பெரிய வித்தியாசம்தான்.

பஸ்ஸைப் பற்றிக் குறையும் உண்டு. 2022 அக்டோபரிலிருந்து, தங்கள் பெயரில் பஸ் அட்டை வைத்திருக்கும் குடியிருப்பாளர்களுக்கு மால்டாவில் பஸ் இலவசம், அது பெரிய உதவி. ஆனால் காலை ஏழரைக்கு நிரம்பி வழியும் பஸ் நிறுத்தாமலே போய்விடும். ஏழு மணி ஷிப்டுக்கு நான் கிளம்பும் நேரத்தில் சாலை காலியாக இருக்கிறது, அலுவலகத்துக்குப் போகும் கணவர்தான் தவிக்கிறார். பல வழித்தடங்கள் வந்து கூடும் ஊர் என்பதால் ஒன்று போனாலும் இன்னொன்று வருகிறது என்பதுதான் மொஸ்டாவில் ஆறுதல்.

ஒப்பந்தத்தைப் பற்றி, எந்த ஊரானாலும் பொருந்தும் சில விஷயங்கள். 2020 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கும் தனியார் வாடகைச் சட்டத்தின்படி நீண்டகால ஒப்பந்தம் ஓராண்டுக்குக் குறையக்கூடாது, எழுத்தில் இருக்கவேண்டும், வீட்டுவசதி ஆணையத்தில் பதிவாகவேண்டும். ஓராண்டு ஒப்பந்தத்தில் முதல் ஆறு மாதம் நாம் விலக முடியாது, அதற்குப் பிறகு ஒரு மாத முன்னறிவிப்புப் போதும். வாடகை உயர்வுக்கும் ஆண்டுக்கு ஐந்து சதவீதம் என்று உச்சவரம்பு இருக்கிறது. முன்பணத்தோடு வீட்டுப் பொருள்களின் பட்டியலையும் படங்களோடு இணைக்கச் சொல்லுங்கள். மின்சாரம், தண்ணீர் பில்லில் வீட்டில் எத்தனை பேர் இருக்கிறோம் என்பதைப் பதிவு செய்யும் படிவம் ஒன்று உண்டு, எச் படிவம் என்பார்கள். அதைக் கொடுக்காமல் விட்டால் குடியிருப்போருக்கான குறைந்த கட்டணம் கிடைக்காது, ஆண்டு முழுவதும் கூடுதல் கட்டணமே போகும். சாவி வாங்கும் அதே நாளில் அந்தப் படிவத்தையும் கேட்டு வாங்கிவிடவேண்டும். இதில் கூச்சப்பட்டால் நஷ்டம் நமக்குத்தான்.

எல்லோருக்கும் மொஸ்டாதான் என்று நான் சொல்லமாட்டேன். என்னிடம் சமீபத்தில் ஆலோசனை கேட்ட ஒரு தம்பதி, இருவரும் கணினித் துறை, பெரும்பாலும் வீட்டிலிருந்தே வேலை, கார் உண்டு, குழந்தை இல்லை. மொஸ்டாவின் கடைத்தெரு நெரிசலை அவர்கள் எதற்குத் தாங்கவேண்டும்? நஷ்ஷாருக்குப் போகச் சொன்னேன், முடிந்தால் சான் பவுல் தத்தார்ஜா பக்கம், சாயங்காலம் மதில் ஓரமாக நடக்கலாம் என்றேன். அவர்கள் பார்த்து வைத்திருந்த முதல் வீட்டுக்கு எதிரே அழகான ஒரு பழைய பங்களா இருந்தது. வரைபடத்தைப் பார்க்கச் சொன்னேன், பார்த்துவிட்டு அதை விட்டுவிட்டார்கள். இப்போது எடுத்திருக்கும் வீட்டுக்கு இரண்டு பக்கமும், எதிரேயும், ஐந்து தளக் கட்டடங்கள் கட்டி முடித்துக் குடியேறியாகிவிட்டது. சன்னலில் காட்சி என்று சொல்ல ஒன்றுமில்லை. இனி அங்கே தோண்டுவதற்கு மிச்சமும் இல்லை என்று அந்தப் பெண் சந்தோஷமாகச் சொன்னாள்.